வலிக்கு ஒரு வரிசை உண்டு

வயிற்றுவலி என்று வருகிறவரை நான் உடனே தொடுவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். அசையாமல் கிடக்கிறாரா, உருண்டு புரள்கிறாரா? சிறுநீரகத்திலிருந்து கல் இறங்கும்போது மனிதரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. எழுவார், உட்காருவார், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவார், மறுபடியும் படுப்பார். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ஓட்டை விழுந்தவர் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வாசற்படியில் இடித்தால் முகம் சுளிப்பார். வயிற்றறையின் உள்சவ்வு ரணமாகிக் கிடக்கிறது. ஒவ்வோர் அசைவும் அதை உரசுகிறது. கணையம் வீங்கியவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருப்பார். மல்லாந்து படுக்கச் சொன்னால் முடியாது என்று தலையாட்டுவார்.

காவிரி டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் அறுவை மருத்துவராக என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. நெஞ்சுவலிக்கு ஒரு தடம் உண்டு: ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, இதயப் பிரிவு. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே சொல்லிவிடும். திடீரென்று வரும் கடுமையான வயிற்றுவலிக்கு அப்படி ஒரே வழி கிடையாது. கேஷுவாலிட்டியில் அறுவை மருத்துவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி மூன்று பகுதி கொண்டது. இன்றிரவே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டுமா? பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாமா? இல்லை, கத்தியே படக்கூடாத நோயா? நோயின் பெயர் பிறகு வரட்டும். இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் உயிர் தங்கும்.

அதைத் தெரிந்துகொள்ள நேரத்தைவிடப் பெரிய தடயம் எதுவும் இல்லை என்பதுதான் இத்தனை காலத்தில் நான் கற்றது. வலி எப்போது தொடங்கியது, எதற்குப் பின் எது வந்தது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, இப்போது கூடுகிறதா குறைகிறதா என்று வரிசைப்படுத்த வேண்டும்.

இதை எனக்குப் பழக்கியவர் எங்கள் யூனிட் சீஃப். இரவு அட்மிஷனைக் காலையில் சொல்லும்போது, "சார், வலது பக்கம் அடிவயிற்றில் வலி" என்று ஆரம்பித்தால் அவர் நிறுத்திவிடுவார். "எத்தன மணிக்கு வந்துச்சு? அப்ப அவர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?" என்பார். தெரியாது என்றால், "போய்க் கேட்டுட்டு வா" என்று வார்டுக்கே திருப்பி அனுப்புவார். அந்த இரண்டாவது கேள்வியின் அருமை போகப் போகத்தான் புரிந்தது. "பஸ்ஸிலிருந்து இறங்கக் காலை வச்சேன், அப்பப் புடிச்சுது" என்று ஒருவரால் சொல்ல முடிந்தால், உள்ளே ஏதோ ஒரு கணத்தில் நடந்திருக்கிறது. ஓட்டை விழுந்திருக்கலாம், ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், அடைத்திருக்கலாம், ஏதாவது முறுக்கிக்கொண்டிருக்கலாம். "சாயங்காலத்துலேருந்தே என்னமோ மாதிரி இருந்துச்சு, ராத்திரி ஜாஸ்தியாயிடுச்சு" என்றால் அது பெரும்பாலும் மெல்ல ஏறும் அழற்சி. குடல்வால், பித்தப்பை இரண்டும் இப்படித்தான் வரும்.

ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நோயாளி ஆவதில்லை. மணியைக் கேட்டால் விடை வராது. "சாப்பாட்டுக்கு முன்னாலயா, சாப்பிட்டப்புறமா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா? டி.வி.யில நாடகம் ஓடிக்கிட்டிருந்துச்சா?" என்று கேட்டால் நேரம் தானாக வந்துவிடும். "கடைசியா எப்பங்க காத்து பிரிஞ்சுது?" என்று வெட்கமில்லாமல் கேட்க வேண்டும். குடலடைப்பைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி கிடையாது. சுற்றி நிற்கிற உறவினர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கய்யா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோய்க்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொப்புளைச் சுற்றி ஒரு மந்தமான வலி. அடுத்து சோறு பிடிக்காது, குமட்டும், ஒன்றிரண்டு முறை வாந்தி வரும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி நிலைகொள்ளும். காய்ச்சல் அதற்கும் பிறகு. சிகாகோவின் ஜான் மர்ஃபி நூறாண்டுக்கு முன்பே இந்த வரிசையை வற்புறுத்தினார். வாந்தி முதலில் வந்து வலி பின்னால் வந்தால் கெட்டுப்போன சாப்பாட்டின் மேல் சந்தேகம் போக வேண்டும்.

இந்த நகர்வுக்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. குடலை வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு வலி தெரியாது. உப்பினால், இழுபட்டால், ரத்தம் குறைந்தால்தான் தெரியும். கருவில் குடல் உடலின் நடுக்கோட்டில் உருவானது என்பதால் அதன் வலியும் நடுக்கோட்டிலேயே உணரப்படும். இரைப்பை, பித்தப்பையின் வலி மேல்வயிற்றில் தோன்றும். சிறுகுடல், குடல்வாலின் வலி தொப்புளைச் சுற்றி வரும். பெருங்குடலின் கடைசிப் பகுதி அடிவயிற்றில் வலிக்கும். அழற்சி வளர்ந்து வயிற்றுச்சுவரின் உள்சவ்வைத் தொட்டதும் கதை மாறும். அந்தச் சவ்வுக்குத் தோலைப் போலவே துல்லியமான உணர்வு உண்டு. வலி இடம் மாறிவிட்டது என்று நோயாளி சொன்னால், நோய் உறுப்பைத் தாண்டிச் சுவரை எட்டிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இந்த நோய் முழுமையாகப் புரிந்தே ஒன்றரை நூற்றாண்டு ஆகவில்லை. 1886-ல் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ்தான் இந்தக் கோளாறின் வேர் குடல்வாலில் இருக்கிறது என்று காட்டி, அதைச் சீக்கிரம் அகற்ற வேண்டும் என்று வாதிட்டார். 1889-ல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, எந்த இடத்தில் விரல் வைத்தால் வலி உச்சமாக இருக்கும் என்று எழுதினார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம். இன்றும் ஹவுஸ் சர்ஜன்கள் அந்த இடத்தில்தான் விரல் வைக்கிறார்கள்.

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் சக்கரி கோப் 1921-ல் திடீர் வயிற்றுவலியைக் கண்டறிவது பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். நல்ல ஆரோக்கியமாக இருந்த ஒருவருக்குக் கடுமையான வயிற்றுவலி வந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பெரும்பாலும் அது அறுவை மருத்துவர் கவனிக்க வேண்டிய நோயாகவே இருக்கும் என்பது அதில் வரும் விதி. ஸ்கேன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. இருந்தும் இந்த நூற்றாண்டிலும் அதற்குப் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன.

அந்தத் தலைமுறை சொன்ன ஒன்றை மட்டும் நாங்கள் கைவிட்டோம். நோய் என்னவென்று தெரியும்வரை வலிமருந்து கொடுக்காதே, அறிகுறி மறைந்துவிடும் என்பது அவர்கள் பாடம். எங்களுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். சீனியர் வந்து பார்க்கும்வரை நோயாளி துடித்துக்கொண்டு கிடப்பார். 1992-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. வலிமருந்து கொடுத்தபின் நோயாளி தளர்ந்து படுப்பதால் பரிசோதனை கெடுவதில்லை என்று அது காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. உண்மையான இறுக்கம் மருந்துக்கு மசியாது. பயத்தால் வந்த இறுக்கம்தான் விலகும். துடிக்கிறவருக்கு முதலில் நரம்பில் மருந்து கொடுத்துவிட்டு, நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறித்துவிட்டு, கை வையுங்கள் என்று நான் என் மாணவர்களிடம் சொல்லிவந்தேன். மனிதரைத் துடிக்கவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை.

கை வைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கை சூடாக இருக்க வேண்டும். நின்றுகொண்டு குனியாமல், கட்டிலருகே உட்கார்ந்து முன்கையை வயிற்றின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வலிக்கிற இடத்துக்கு எதிர்மூலையில் தொடங்க வேண்டும். கண் வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, முகத்தின் மேல் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், "இருமிக் காட்டுங்க" என்று சொன்னால் போதும். இருமும்போது வலிக்கிற இடத்தை அவர் கையே தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அழுத்தி வெடுக்கென்று கையை எடுத்து வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நான் செய்வதில்லை. இருமலும் மெல்லிய விரல்தட்டும் அதே சேதியைக் கொடூரமில்லாமல் சொல்லிவிடும். குழந்தையாக இருந்தால் அம்மா மடியிலேயே வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால், "ஒத்தக் கால்ல நின்னு குதி பாப்போம்" என்பேன். கலகலவென்று குதிக்கிற பிள்ளையின் குடல்வால் அழுகியிருக்க வாய்ப்புக் குறைவு.

வயிறு என்பது வேட்டி மடிப்போடு முடிந்துவிடுவதில்லை. வேட்டியை அவிழ்க்காமல், பாவாடை நாடாவைத் தளர்த்தாமல் பார்த்த பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். வாந்தியும் வயிற்று உப்புசமுமாக வரும் மூதாட்டியின் தொடையிடுக்கில் சின்னதாக ஒரு கட்டி இருக்கும். அவர் அதைச் சொல்ல மாட்டார், நாமும் பார்க்காவிட்டால் உள்ளே சிக்கிய குடல் அழுகிவிடும். பதின்வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வான். அப்பாவையும் அம்மாவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "வெக்கப்படாத தம்பி, கீழயும் வலிக்குதா?" என்று கேட்டால் தலையசைப்பான். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். அதற்குமேல் போகப் போக விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

நேரம் ஏமாற்றவும் செய்யும். ஒரு கொத்தனாரைச் சாயங்காலம் கூட்டிவந்தார்கள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கலந்து கொடுக்கும் செட் மாத்திரையை நெடுநாளாக வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தவர். "இப்ப பரவால்லீங்க ஐயா. காலைலதான் உசிரே போச்சு," என்றார். சாரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குக் கீழே கத்தியால் குத்தியதுபோல் வலி வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய்விடலாமா என்று மனைவி கேட்டார். வலி குறைந்ததாகச் சொன்னவர் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒருமுறைகூடப் புரண்டு படுக்கவில்லை. கை வைத்தேன், வயிறு பலகையாக இருந்தது. கல்லீரல் இருக்கும் இடத்தில் விரலால் தட்டினால் மந்தமாகக் கேட்க வேண்டும். அங்கே வெற்றுப் பாத்திரத்தின் ஒலி கேட்டது.

இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டை விழுந்ததும் இரைப்பையின் அமிலம் உள்சவ்வைச் சுடும். முதல் வலி அதனால் வருவது. சில மணி நேரத்தில் உடல் தன் நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்யும். வலி தணிந்ததுபோல இருக்கும். அந்த இடைவேளையில்தான் நோயாளி வீட்டுக்குப் போகிறார், டாக்டர் நிம்மதி அடைகிறார். பிறகு கிருமிகள் பெருகி வயிறு முழுக்கச் சீழ் பரவும். கொத்தனாரை நிமிர்த்தி உட்கார வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். வலது உதரவிதானத்துக்கு அடியில் கருப்பாக ஒரு பிறை. குடலுக்குள் இருக்க வேண்டிய காற்று வெளியே வந்திருக்கிறது. இந்தப் பிறை எல்லா நோயாளிகளின் படத்திலும் தெரியாது. சுமார் நான்கில் ஒருவர் படத்தில் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதால் ஓட்டை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அன்றிரவு அறுவை செய்தோம். சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓட்டை. டொரான்டோவின் ரோஸ்கோ கிரகாம் 1937-ல் விவரித்த முறையில், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வின் ஒரு துண்டை அதன்மேல் வைத்துத் தைத்து, வெதுவெதுப்பான சலைனால் வயிற்றைப் பலமுறை கழுவினோம். பிழைத்துக்கொண்டார். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான கிருமியை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்த பிறகு, மாத்திரையாலேயே புண் ஆறும் காலம் வந்துவிட்டது; அதற்காக 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் வலிமாத்திரையை மிட்டாயாக விழுங்கும் பழக்கம் போகவில்லை. அது போகும்வரை இந்த ஓட்டைகளும் வந்துகொண்டுதான் இருக்கும்.

பெண்களின் வயிற்றுவலியில் நேரம் என்பது மாதக்கணக்கு. "கடைசியா எப்பம்மா குளிச்ச?" என்ற கேள்வியை மாமியார் எதிரிலோ, அண்ணன் எதிரிலோ கேட்டால் உண்மை வராது. சிஸ்டரை வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டுக் கேட்க வேண்டும். விடை எதுவாக இருந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சில நிமிட வேலை. ஒரு தாய் குளியலறையில் மயங்கி விழுந்து, வெளிறிய முகத்தோடு வந்தார். படுக்க வைத்தால் தோள்பட்டை வலிக்கிறது என்றார். "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே டாக்டர்" என்று பரிசோதனைக்கே சிரித்தார். முடிவு பாசிட்டிவ். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் தரிப்பது மிக அரிது. ஆனால் தரித்தால் அது கருப்பைக்குள் தங்காமல் குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. அந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டதால்தான் தோள் வலித்தது. இரண்டுக்கும் நரம்பின் வேர் ஒன்று. மகப்பேறு மருத்துவரும் நாங்களும் சேர்ந்து அவரைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம், காப்பாற்றினோம்.

வயிற்றில் நோயே இல்லாமல் வயிறு வலிப்பதும் உண்டு. அறுவை மருத்துவர் அதிகம் அஞ்ச வேண்டியது இங்கேதான். நம் ஊரில் இதயத்தின் அடிப்பகுதி மாரடைப்பு "கேஸ்" என்ற பெயரில்தான் வரும். மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, சோடா குடித்தும் சரியாகவில்லை என்று வருவார்கள். நாற்பது தாண்டியவருக்கு மேல்வயிற்றில் வலி என்றால் முதல் பரிசோதனை ஈ.சி.ஜி. கட்டுப்பாடில்லாத சர்க்கரையால் ரத்தம் அமிலமானால் வயிறு வலித்து வாந்தி வரும். இன்சுலினும் சலைனும் ஏற ஏற அந்த வலி மறையும். குழந்தைகளுக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் வயிறு வலிக்கிறது என்றே சொல்வார்கள். மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயல்பகுதியில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நள்ளிரவு தாண்டித் தூக்கத்திலிருந்து வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறாள். இரண்டு தடவை வாந்தி. வலி மிகக் கடுமையாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாக இருந்தது. வலிக்கும் வயிற்றுக்கும் பொருந்தவில்லை. சலைன் போட வந்த மூத்த சிஸ்டர், "டாக்டர், இந்தப் பொண்ணு கண்ணை முழுசாத் தொறக்க மாட்டேங்குது, தூக்கக் கலக்கமா?" என்று கேட்டார். நான் அவளிடம், "ராத்திரி எங்கம்மா படுத்திருந்த?" என்றேன். "கரண்டு இல்ல டாக்டர், திண்ணைக்குக் கீழ தரையிலதான்." பேச்சு மூக்கால் வந்தது.

கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிட்டுப் போய்விடும். பல் மெலிது, வீக்கம் இருக்காது, வலி இருக்காது, தடம் தேடினாலும் கிடைக்காது. நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்கும். பலருக்கு முதலில் வரும் முறையீடு வயிற்றுவலி. அதன்பின் இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். விடியற்காலை வயிற்றுவலி, தரையில் உறக்கம், தொங்கும் இமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் கடித்த தடத்துக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே நஞ்சுமுறி மருந்தைத் தொடங்கினோம். பகலுக்குள் மூச்சு தளர்ந்தது, வென்டிலேட்டரில் வைத்தோம். நரம்பு முனைகள் கெட்டபின் மருந்து அவற்றைச் சரிசெய்யாது. அவை தாமாகத் தேறும்வரை இயந்திரம் மூச்சுவிட வேண்டும். சில நாட்களில் அவள் தானாக மூச்சுவிட்டாள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வகைக்கும் ஒரே மருந்து. அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண்ணின் உயிரில் முகம் தெரியாத இருளர் ஒருவரின் கைத்திறனும் இருக்கிறது.

முதியவர்களின் வயிறு வேறு வகை. வயதாக ஆக, சர்க்கரை நோய் நீடிக்க நீடிக்க, வயிறு பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்தும் பலகையாகாது, சீழ் பிடித்தும் காய்ச்சல் வராது. தாத்தா வலியால் முனகுகிறார், தொட்டால் வயிறு தளர்வாக இருக்கிறது, நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்றால், இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி குடலின் தமனியை அடைத்திருக்கலாம். வயிறு இறுகும்வரை பொறுத்தால் குடல் கறுத்துவிடும். கல்லடைப்பு என்று முதன்முறையாக வரும் முதிய ஆணின் வயிற்றில் பெருந்தமனி வீங்கிக் கசிந்துகொண்டிருக்கலாம். இளைஞருக்குச் சாதாரணமான ஒரு கதை முதியவருக்குச் சாதாரணமாக இருக்காது. இவர்களுக்கு சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

1971-ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் ஸ்கேன் மனிதத் தலைக்குள் பார்த்தது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே வயிற்றை மெல்லிய படலங்களாகப் பார்க்க முடிகிறது. அதனால் எத்தனையோ வீண் அறுவைகள் குறைந்திருக்கின்றன. கணைய அழற்சியை ஓட்டை என்று நினைத்துத் திறக்கும் தவிப்பு குறைந்திருக்கிறது. இரண்டிலும் ரத்தத்தில் அமைலேஸ் உயரலாம். திறப்பது ஒன்றில் உயிர்காக்கும், மற்றதில் தீங்கு. குடித்துவிட்டு வந்தவர் எல்லோருக்கும் கணையம்தான் என்று எண்ணுவதும் தவறு; குடிப்பவருக்கும் ஓட்டை விழும். இந்த இடத்தில் இயந்திரம் பெரிய துணை. ஆனால் ஸ்கேன் ஒரு கணத்தின் படம். வலி தொடங்கி இரண்டு மணி நேரத்தில் எடுத்த அல்ட்ராசவுண்டில் குடல்வால் இயல்பாகவே தெரியலாம். ஆறு மணி நேரம் கழித்து அந்தப் படம் பழையதாகிவிடும். 'ஸ்கேன் நார்மல்' என்ற சீட்டோடு வலியையும் சுமந்துகொண்டு வருகிறவரை, சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது.

அதனால் நான் உறுதியாக நம்பும் மருத்துவம், திரும்பப் போய்ப் பார்ப்பது. தெளிவில்லாத வயிற்றை இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை, முடிந்தால் அதே கை தொட வேண்டும். நாடி ஏறுகிறதா, தொட்டால் வலிக்கும் பரப்பு விரிகிறதா, வயிறு உப்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் மணி போட்டு எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போதுதான் வயிறுகள் கைவிடப்படுகின்றன. இரவில் பார்த்தவர் போய்விடுகிறார். காலையில் வந்தவர் எழுத்தை மட்டும் படிக்கிறார். ஆகவே வயிற்றுவலிக்காரரைக் கட்டிலருகில் நின்றுதான் ஒப்படைக்க வேண்டும். போகிறவரும் வருகிறவரும் அடுத்தடுத்துக் கை வைத்து, "ராத்திரி இவ்வளவுதான் இருந்துச்சு, இப்ப இங்கவரைக்கும் வந்திருக்கு" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், பணம் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம், குடல் தட்டுகிறவரிடம் கூட்டிப்போகிறோம், தொக்கம் எடுக்கிறோம், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைக்கிறோம். அக்கறையால்தான் செய்கிறோம், எனக்குத் தெரியும். சாதாரண உப்புசத்துக்கு ஓமத் தண்ணீரில் கெடுதல் இல்லை. ஆனால் அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்தும், வீங்கிய குடல்வாலின் மேல் அழுத்தித் தடவுவதும் நோயை உடைத்துவிடும். கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, இடையிடையே துவண்டு போனால் உரம் விழுந்ததாக எண்ணி எடுக்கப் போகாதீர்கள். குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். சளியும் ரத்தமுமாக மலம் போகும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

கோப் சொன்ன ஆறு மணி நேர விதி மருத்துவருக்கானது. வீட்டில் ஆறு மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்வதல்ல. ஒரே கணத்தில் தாக்கிய வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, இறுகிய வயிறு, பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி, காற்றும் மலமும் போகாத உப்புசம், கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்ணின் அடிவயிற்று வலி, தூக்கத்திலிருந்து எழுப்பிய வலி ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழகச் சாலைகளில் ஓடும் அந்த வண்டி இதற்காகத்தான் இருக்கிறது. சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை தேவைப்பட்டால் மயக்கமருந்துக்கு அது இடைஞ்சல். போட்டுக்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துவாருங்கள். வலி எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது, அதன்பின் எது எது வந்தது என்பதை வழியிலேயே நோயாளியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் யார் முதலில் பார்த்தாலும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் சொல்ல முடியாததை அது சொல்லும். பல சமயங்களில் தியேட்டரா, காத்திருப்பதா என்பதை முடிவுசெய்ய அந்தச் சில வரிகளே போதும்.